பிரேக்கில் ஊற்றிய ஜெப எண்ணெய்

எண்ணெய் அண்ணன் என்ற பேரை இளையவள் முதன்முதலில் கேட்டது ஒரு பிசாசின் வாயிலிருந்து.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தகரக் கூரை போட்ட ஜெப மண்டபத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இருந்த ஒருத்தி திடீரென்று தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினாள். யார் யாரோ வந்து தலையில் கை வைத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. கடைசியில் ஆண் குரலில், எண்ணெய் அண்ணன் வருகிறான், எரிகிறது எரிகிறது என்று அலறினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தால் கதவருகே இருபத்தைந்து வயது வாலிபர் ஒருவர் கண்ணாடிக் குப்பியும் கையுமாக நிற்கிறார். வந்தார், நெற்றியில் இரண்டு சொட்டு வைத்தார், அவள் நனைந்த துணி மாதிரி சுருண்டு விழுந்தாள். பிசாசே பேர் சொல்லிப் பயந்த ஆள் என்று அன்றோடு அவருக்குப் பேர் நிலைத்துவிட்டது.

பிசாசுக்கு அவர் பேர் எப்படித் தெரிந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு வருஷம் கழித்து அவர் இளையவளின் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் நாத்தனாராக நின்றவளைப் பார்த்ததும் இளையவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடியவளேதான். மாப்பிள்ளையின் சின்னம்மா மகள். ஒரே வீட்டில் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள். அந்தப் பெண்ணுக்கு முன்னாலும் பிசாசு பிடித்ததில்லை, அதற்கப்புறமும் பிடிக்கவில்லை. வந்த வேலை முடிந்து போய்விட்டது போலும்.

இப்படித்தான் அவர் இளையவளுக்கு அத்தான் ஆனார்.

அவருக்குப் பிழைப்பு ஒரு துணிக் கிடங்கில். நாலு மாடிக் கட்டடம், நடுவே கம்பி வலை போட்ட சரக்கு லிஃப்ட். அந்த லிஃப்ட்டுக்கு அவர்தான் மெக்கானிக். வேலை தெரியாத மனிதர் என்று மட்டும் சொல்ல முடியாது. மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கீழே நின்று கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். தெரியாமல் செய்தார் என்று பின்னால் யாரும் அவருக்காகப் பரிந்து பேச முடியாமல் போனதும் அதனால்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கிடங்கு அடைத்ததும் குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜெபக் குழுவில் இருக்கிறவர்கள் வீடுதோறும் போய் வாசல் நிலையிலும் ஜன்னல் சட்டத்திலும் எண்ணெய் தடவி, சத்துரு நுழையாதபடி முத்திரை போடுகிறேன் என்பார். தும்மலுக்கு ஒரு ஆவி, ஒழுகுகிற குழாய்க்கு ஒரு ஆவி, பரீட்சையில் தோற்கிற பிள்ளைக்கு ஒரு ஆவி, மாமியாரை எதிர்த்துப் பேசுகிற மருமகளுக்கு இரண்டு. ஆவிகளுக்குள்ளே மேலே ஒரு பெரியவன், அவனுக்குக் கீழே பகுதிக்கு ஒருத்தன், அவனுக்குக் கீழே சில்லறை வேலைக்குக் கொஞ்சம் பேர் என்று விளக்குவார். கேட்கிறவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். இளையவளுக்கு மட்டும் அது எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. பிறகுதான் புரிந்தது: மேனேஜர், மாடிக்கு ஒரு சூப்பர்வைசர், கீழே சுமைக்காரர்கள். அத்தான் இருபத்தைந்து வருஷமாகப் போதித்த நரகம் அவர் வேலை பார்த்த கிடங்குதான்.

ஒருமுறை ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று சொன்னார்கள். தாமதத்தின் ஆவி என்று சொல்லி அதன் வயிற்றைத் திறந்து நாலு சொட்டு விட்டார். மறுநாள் கடிகாரம் ஒரேயடியாக நின்றுவிட்டது. ஆவி போகும்போது கோபத்தில் செய்த சேதம் என்றார். அந்த வீட்டுக்காரர்கள் நின்றுபோன கடிகாரத்தை இறக்காமல் சாட்சிக்கு மாட்டி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும்வரை அப்படிப்பட்ட ஆளுக்கு என்ன குறை.

எண்ணெயைக் கலப்பது அக்கா. ஒலிவ எண்ணெயில் ரோஜா அத்தர் விட்டு, அதில் கிராம்பை இடித்துப் போட்டு, மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டுவாள். கிராம்பு அவளுடைய சொந்த யோசனை. அந்த வாசம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அத்தான் தெரு முனையில் திரும்பும்போதே வாசம் வீட்டுக்குள் வந்துவிடும்.

இளையவளும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தாள். இரண்டாம் மாடியில், கீழே விளக்கு எரிகிற கண்ணாடி மேசை ஒன்று உண்டு. துணியை அதன்மேல் இழுத்து இழுத்து, நூல் விட்ட இடம், கறை பட்ட இடம் பார்த்து நீலச் சாக்பீஸால் குறி போடுவது அவள் வேலை. கறையைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்று சொல்வாள். இது தறி எண்ணெய், ஓரம் கறுத்திருக்கும். இது வெல்டிங்காரன் கை. இது யாரோ தேநீர் குடித்துவிட்டுத் துடைத்தது. அவள் புருஷன் அங்கேயே சுமைக்காரர், லிஃப்ட்டில் துணிப் பொதி ஏற்றி இறக்குகிறவர். அத்தானுக்கு அவர் சகலை.

அவர்கள் வீட்டு நிலைக்கு எண்ணெய் பூச அத்தான் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் இளையவள் வாசலிலேயே நின்று, "வேண்டாம் அத்தான். எண்ணெ பட்டா தூசி ஒட்டும், அப்புறம் நான்தான் தேய்ச்சுக் கழுவணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் விசுவாசம் இல்லாதவள் அல்ல. பதினாறு வயதில் சபைக்கு முன்னால் நின்று உறுதிமொழி கொடுத்தபோது, பிசாசையும் அவன் செய்கைகளையும் வெறுத்துத் தள்ளுகிறாயா என்று அவளைக் கேட்டார்கள். தள்ளுகிறேன் என்றாள். பயப்படுகிறாயா என்று யாரும் கேட்கவில்லையே. வெறுத்துத் தள்ளினவனுக்கு எதற்கு நிலைக்கு நிலை இந்த மரியாதை என்பது அவள் கணக்கு.

அத்தான் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த கூட்டத்தில், நம்முடைய சொந்தத்திலேயே ஒரு வாசல் திறந்து கிடக்கிறது என்று பேர் சொல்லாமல் சொன்னார். கேட்டவர்களுக்குப் பேர் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் லிஃப்ட் கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது, தொண்டையை அறுத்த மாதிரி நீளமாக ஒரு கிறீச். பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கிற பட்டை, லைனிங், தேய்ந்து இரும்பில் உரசுகிற சத்தம் அது. புது லைனிங் எட்டு மாதமாக அவருடைய அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. மாற்ற ஒரு மத்தியானம் போதும். ஆனால் அத்தான் அதற்குள் வாயை விட்டுவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் துணி பார்த்துக் குறி போடுகிற பெண்கள் இரண்டு பேர் பயந்தபோது, இது இரும்புச் சத்தம் இல்லை, இந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற ஒன்று கதறுகிறது என்று சொல்லி வைத்தார். மூன்று வாரம் அதையே பிரசங்கித்தார். கூட்டத்துக்கு ஆள் கூடியது. நாலாம் மாடி சூப்பர்வைசரே வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். இனி லைனிங்கை மாற்றினால் சத்தம் நின்றுபோகும், பிசாசு எங்கே போவது? பிசாசுக்காக அவர் லைனிங்கைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை பதினோரு பேர் படியேறி மோட்டார் அறைக்குப் போனார்கள். பாடினார்கள், கை தட்டினார்கள். அத்தான் குப்பியைத் திறந்து பிரேக் கட்டை இறுக்கிப் பிடிக்கிற டிரம்மின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு லிஃப்ட்டை ஓட்டிக் காட்டினார். பூனைக்குட்டி சத்தம்கூட இல்லை. ஒரு கிழவர் முழங்காலில் விழுந்து அழுதார். பிரேக்கில் எண்ணெய் படவே கூடாது என்பது மிதிவண்டி ஓட்டுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அறையில் ஒரு மெக்கானிக்கும் இருந்தார். அவருக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

எண்ணெய் காய்ந்தால் கிறீச் திரும்ப வரும். வந்ததும் மேலே போய் இன்னும் கொஞ்சம் விடுவார். கொஞ்சம்தானே, பிடிக்கிற பிடி பிடிக்கும் என்று நினைத்திருப்பார். சனிக்கு ஒருமுறை என்பது வாரத்துக்கு இரண்டு ஆனது.

அப்போதுதான் இளையவளின் மேசைக்குக் கறை வர ஆரம்பித்தது. லிஃப்ட்டில் ஏறி வந்த பொதிகளின் மேல் மடிப்பில், காசு அகலத்தில் மஞ்சள் வட்டம். ஓரம் கறுக்காத கறை; இயந்திர எண்ணெய் இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். ரோஜா, பின்னாலேயே கிராம்பு. கயிறு இறங்குகிற ஓட்டை வழியாக மேலேயிருந்து சொட்டியிருக்கிறது. நீலக் குறி போட்டுத் தள்ளிவைத்தாள். வாய் திறக்கவில்லை. சொன்னால் அத்தான் வேலை போகும், அக்கா அழுவாள், சொந்தத்துக்குள் வெட்டுப்பழி வரும். மூன்று வாரம் குறி போட்டாள், மூன்று வாரமும் விழுங்கினாள்.

நாலாம் வாரம் திங்கட்கிழமை காலை, முழுப் பாரம் ஏற்றிய லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது, நிற்க மனசில்லாமல் வழுக்கியது. கத்தவே இல்லை. உள்ளே இருந்தது சுமைக்காரர், இளையவளின் புருஷன். கீழே போய் மோதியதில் பொதிகள் சரிந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

எல்லாரும் கீழே ஓடினார்கள். அத்தான் மேலே ஓடினார். மேலதிகாரிகள் வந்து பார்ப்பதற்குள் டிரம்மைத் துடைத்து, பழைய கட்டையைக் கழற்றி, எட்டு மாதப் பெட்டியைப் பிரித்துப் புது லைனிங்கைப் பூட்டிவிட்டார். ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை, ஒன்றரை மணி நேரம். வந்து பார்த்தவர்கள் பாரம் அதிகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலமே அத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாவுக்கட்டைத் தொட்டு ஜெபித்தார், கண்ணீர்கூட விட்டார். பிறகு சகலையின் காதருகே குனிந்து, துரத்தப்பட்ட ஆவி ஓய்வு தேடி அலையும், திறந்திருக்கிற வீட்டைப் பார்த்தால் அங்கேதான் பாயும், எந்த வீடு திறந்திருந்தது என்று உனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலியில் படுத்திருக்கிற மனிதனுக்கு ஏன் என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் கிடைத்தால் போதும். வீட்டுக்கு வந்தபிறகு சுமைக்காரர் பெண்சாதியின் முகத்தைப் பார்ப்பதை விட்டார். தண்ணீர் கொடுத்தால் கீழே வைக்கச் சொல்லி, அவள் கையை எடுத்தபிறகுதான் எடுத்தார். ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மூணு தடவ வந்தாரு. ஒரு தடவ பூச விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்றார். பதினெட்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதர். அக்கா எட்டிப் பார்க்கவே இல்லை. கிடங்கில் அவள் மேசைக்கு எதிர்மேசைக்காரி தன் மேசையை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தான் வீட்டில் விடுதலை ஜெபம் என்று ஏற்பாடானது. விடுதலை இளையவளுக்கு. எல்லார் முன்னாலும் வாசலைத் திறந்தது நான்தான் என்று அவள் அறிக்கையிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் இருக்கிற வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்று சுமைக்காரர் சொல்லிவிட்டார்.

கிடங்கின் கந்தல் துணியெல்லாம் வெள்ளிக்கிழமை இளையவளின் மேசைக்கு வரும். எதைத் துடைக்கக் கொடுக்கலாம், எதை எறியலாம் என்று அவள்தான் பிரிப்பாள். மோட்டார் அறை வாளி மட்டும் நிறைந்தால்தான் வரும்; அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அதுவும் வந்தது. புது லைனிங்கின் பிரித்த பெட்டிக்கு அடியில் சுருட்டிக் கிடந்தது ஒரு வெள்ளைத் துண்டு, மூலையில் அவள் கையால் போட்ட நீலச் சாக்பீஸ் குறி. அவள் கழித்த துணியையே அத்தான் துடைக்க எடுத்திருக்கிறார். விரித்தாள். பிரேக் தூள் கறுப்பாகப் படிந்து, அதற்குள்ளே மஞ்சளாக எண்ணெய் ஊறியிருந்தது. மோந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. விரித்தபோதே ரோஜா எழுந்து வந்தது. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மத்தியானம் முன்னறையில் இருபது பேர். ஜன்னலெல்லாம் அடைத்து, நடுவில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். சுமைக்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்து சுவரோரம் நிறுத்தினார்கள், நீட்டிய காலோடு. அத்தான் ஆவிகளின் அதிகாரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு குப்பியைத் திறந்துகொண்டு அவள் முன்னால் வந்தார்.

"நான்தான் வாசலத் திறந்தேன்னு சொல்லும்மா. ஒரு வார்த்தை போதும். எல்லாம் முடிஞ்சுரும்."

அவள் பையிலிருந்து மடித்த துணியை எடுத்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் தலையில் முக்காடோடு நின்ற அக்காவிடம் நீட்டினாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் மோந்து பாரு."

அக்கா புருஷனைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். வாங்கினாள். மூக்குவரை கொண்டுபோகக்கூட இல்லை, கை பாதி வழியில் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவள் கலந்த எண்ணெய். தெரியாது என்று சொல்ல அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. வீடு, புருஷன், மூன்று பிள்ளைகள், சபையில் இருந்த மரியாதை.

"இது நான் கலக்கினது" என்றாள் அக்கா. "எங்க இருந்துச்சு?"

"மோட்டார் ரூம் வாளியில. பிரேக்கத் துடைச்ச துணி. மேல புது லைனிங் பெட்டியும் பிரிச்சுக் கிடந்துச்சு."

சுவரோரத்திலிருந்து சுமைக்காரர் கையை நீட்டினார். கையிலிருந்து கைக்கு அந்தத் துணி போயிற்று. போகிற வழியெல்லாம் வாசம். அவர் அதை முகத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தார். லிஃப்ட்டிலேயே காலம் தள்ளிய மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அத்தான் தடுமாறவில்லை, அதுதான் பார்க்கச் சகிக்காதது. சத்துரு எவ்வளவு தந்திரக்காரன் பாருங்கள், பரிசுத்தமான எண்ணெயையே திருடி ஆயுதமாக்கியிருக்கிறான் என்று தொடங்கினார். குரல்கூட உயர்ந்தது.

"ஏன் சகலை" என்றார் சுமைக்காரர். "ஊர்ல இத்தனை எண்ணெ இருக்கு. சாத்தானுக்கு உங்க வீட்டுக் குப்பிதான் கிடைச்சுதா? ஊத்துனவன் ஊத்திட்டு ஓடாம, துடைச்சு, புது லைனிங்கும் மாட்டிட்டுப் போயிருக்கான். அவன மாதிரி ஒரு வேலைக்காரன் நம்ம கிடங்குக்குக் கிடைக்க மாட்டானே."

யாரோ ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

இளையவள் முக்காலியிலிருந்து எழவில்லை. "அத்தான், எனக்கும் பங்கு இருக்கு. மூணு வாரமாத் துணியில கறையப் பாத்தேன், சொல்லல. சொல்லியிருந்தா இந்தக் கால் உடைஞ்சிருக்காது. அது என் பாவம், பிசாசோடது இல்ல. அதுக்கு ஜெபம் பண்ணுங்க, தலை குனியறேன். உங்களோடத நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவர் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: நான் ஊற்றினேன். இரண்டே வார்த்தை. அத்தானின் வாய் திறந்தது, மூடியது. பிசாசின் வல்லமை பயங்கரமானது என்று இருபத்தைந்து வருஷமாகச் சொன்னாரே, பொய் இல்லை. அது இருபது பேர் முன்னால் அந்த மனிதரின் நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. கொம்பு இல்லை, வால் இல்லை, கதறல் இல்லை. இரண்டு வார்த்தை வெளியே வராதபடி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதைத் துரத்த அவரிடம் எண்ணெய் இல்லை. குப்பியை மூடித் திருகிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இங்கே பரிசுத்த ஆவிக்குத் தடை இருக்கிறது என்று சொல்லி உள்ளறைக்குப் போய்விட்டார்.

இளையவள் எழுந்து ஜன்னல்களைத் திறந்தாள். சுமைக்காரர் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து நீட்டினபோது அவள் கையிலிருந்தே வாங்கிக் குடித்தார். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவருக்கும் நாலு நாள் பிடித்தது. ஆனால் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் அந்தத் துணியை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். தான் மூன்று வாரம் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்தே சொன்னாள். அத்தானுக்கு வேலை போயிற்று. ஜெபக் குழுவில் பாதிப் பேர் நின்றுகொண்டார்கள். மீதிப் பாதிப் பேர், இவ்வளவு பெரிய ஊழியரைச் சாத்தான் தாக்காமல் வேறு யாரைத் தாக்குவான் என்று இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தார்கள். அந்தக் கடிகார வீட்டுக்காரர்கள்தான் முன் வரிசை.

அக்கா அதற்கப்புறம் எண்ணெய் கலக்கவில்லை. அத்தான் கடையில் வாங்கிக் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தார். வாசம் இல்லாத எண்ணெயில் வல்லமை இல்லை என்று சொல்லி அந்த மீதிப் பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சுமைக்காரர் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், கிடங்கு வாசலில் வண்டிகளை வரிசைப்படுத்துகிற வேலை பார்க்கிறார். அக்கா மாதம் ஒருமுறை தங்கை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள்.

எண்ணெய் அண்ணன் இப்போது தன் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். வீடு ஆறாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. அவர் படியில்தான் ஏறி இறங்குகிறார்.